இரண்டு வலது இறக்கைகள்

முப்பத்தோரு வருஷமாக நான் பல் செட் செய்கிறேன். ஈப்போ டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் லேப். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் புதைத்து, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் பாட்டிமார்கள் சோறு மெல்ல முடியாமல் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பொடிச் சாமானோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஒரு பிளாஸ்டிக் விமானம் போன வருஷம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழ வைத்தது.

விமானம் என் வீட்டுக்காரருடையது. அவர் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். அது முன்னே கித்தா தோட்டமாக, ரப்பர் மரமாக இருந்த இடம்; அவர் பிறந்ததும் அங்கேதான். மரத்தை மாற்றினார்கள், ஆலை கட்டினார்கள், இவர் ஆலைக்குள் போனார். வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில், சனி ஞாயிறு ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டில் என்று எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஓடியது. பம்ப்பின் சத்தத்தைக் காதில் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் நகத்தில் கிரீஸோடு வந்து சனிக்கிழமை சாயங்காலம் தூங்கும் மனிதரைத்தான்.

வேலை ஓய்வு வந்த மறு வருஷம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் மட்டும். கோப்பி கிளாஸைத் தட்டில் வைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். டாக்டர் பார்க்கின்சன் என்றார். மருந்து கொடுத்தார். விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, தினமும் நூறு தடவை பிசையச் சொன்னாள். இவர் அந்தப் பந்தை ஒரே ஒரு நாள் பிசைந்தார். பிறகு அது டிவி மேசைக்கு அடியில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றோடு திரும்பினார். பெட்டிமேல் நாலு இஞ்சின் வைத்த குண்டுவீச்சு விமானம், பின்னால் இரட்டை வால், கீழே புகை. லிபரேட்டர் என்று எழுதியிருந்தது. உலகப் போர் சமயத்து விமானமாம். பெட்டியின் ஓரமெல்லாம் கரப்பான் அரித்த தடம். உள்ளே கட்டிய பிளாஸ்டிக் உறையை யாரும் பிரித்ததே இல்லை, நாற்பது ஐம்பது வருஷத்துச் சாமான் என்று பெருமையாகச் சொன்னார்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னாங்கல்ல."

பந்தைப் பிசைவதைவிட இது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். குண்டு போடுகிற படத்தைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அவர் எடுத்துக்கொண்டார். உறையைப் பிரித்தார். சட்டம் சட்டமாகப் பச்சை பிளாஸ்டிக், ஒவ்வொரு சட்டத்திலும் பாகங்கள் காய் மாதிரி தொங்கின. படம் போட்ட விளக்கத்தாள் மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையே இல்லாமல் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஏழு சட்டம், தாளிலும் ஏழுதான் என்றார்.

முதல் நாள் விமானியின் நாற்காலியை ஒட்டப் பார்த்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். இடுக்கியில் பிடித்துக் கொண்டுபோவார், கிட்டே போனதும் கை உதறும், நாற்காலி எங்கேயோ தெறிக்கும். இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டுத் தேடுவோம். மூன்றாம் நாள் பசை அவருடைய கட்டைவிரலில் ஒட்டி, அந்த விரல் விமானத்தின் வயிற்றில் ஒட்டி, பிரித்தெடுத்தபோது ரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது. பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ செய்யேன். உனக்குத்தான் கை இருக்கு."

அப்போது எனக்கு வந்த எரிச்சலை மறைக்க விரும்பவில்லை. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அடுத்தவர் வாய்க்குச் செதுக்குகிறேன். கழுத்து வலி, கண் வலி. வீட்டுக்கு வந்து ரசம் வைத்துவிட்டு மறுபடியும் இடுக்கியைத் தூக்க வேண்டுமா? ஆனாலும் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்துத் தூக்கினேன் என்று சொல்லலாம். உண்மையில், அந்த நாற்காலி கோணலாக உட்கார்ந்திருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் விமானத்தின் உடம்பு சேர்ந்தது. பழைய பிளாஸ்டிக் வளைந்து கிடந்தது. வெந்நீரில் காட்டி நிமிர்த்தி, ரப்பர் பேண்டு போட்டு, விட்ட இடைவெளியைப் பூசி அடைத்துத் தேய்த்தேன். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் படித்துச் சொல்வார். முதலில் உதவியாக இருந்தது. பிறகு அது தொந்தரவானது. "அது இப்ப ஒட்டற பீஸ் இல்ல." "பசை அதிகம்." "காய விடு லா, என்னா அவசரம்." முப்பது வருஷம் என் மேசையில் யாரும் எனக்கு மேஸ்திரியாக இருந்ததில்லை. உடம்பின் இரண்டு பாதியையும் மூடப் போகும்போது, மூக்குப் பக்கம் கனம் ஏதாவது வைக்க வேண்டும் என்றார். தாளில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். தாளில் ஒரு மூலைதான் இல்லையே என்றார். நான் பசையைத் தடவி மூடிவிட்டேன்.

அடுத்தது இறக்கை. வலது இறக்கையின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் வெட்டியெடுத்து ஒட்டினேன். அருமையாகச் சேர்ந்தது. இடது இறக்கைக்கு அடுத்த சட்டத்தை எடுத்தேன். வளைவு எங்கேயோ இடித்தது. திருப்பிப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒட்டிய இறக்கைமேல் வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

பெட்டியில் இரண்டு வலது இறக்கைகள். இடது இறக்கையே இல்லை. எந்த ஊர் ஆலையிலோ யாரோ ஒருவர் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கை தவறி ஒரே சட்டத்தை இரண்டு தடவை போட்டு உறையை மூடியிருக்கிறார். ஏழு சட்டம். எண்ணிக்கை சரிதான்.

"எண்ணுனீங்களா, இல்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு இறக்கைகளையும் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கையோடு சேர்ந்து அவையும் நடுங்கின. எண்ணினேன் என்றார். அவ்வளவுதான்.

பழைய டவுனில் பொம்மை விமானம், கப்பல் எல்லாம் விற்கும் சீனர் கடை ஒன்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இறக்கையை உறையில் போட்டுக்கொண்டு போனேன். கடை முதலாளி தவுக்கே அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். இறக்கைக்காக இல்லை, பெட்டியைத் திறந்ததற்காக. இதெல்லாம் திறக்கிற சாமான் இல்லை, வைத்துப் பார்க்கிற சாமான் என்று மலாயில் பொறுமையாக எனக்குப் புரிய வைத்தார். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாம். தனி இறக்கை எங்கேயும் கிடைக்காது. வேண்டுமானால் இன்னொரு முழுப் பெட்டியைத் தேடச் சொன்னார்.

இணையத்தில் இந்த மாதிரி விமானம் கட்டுகிறவர்களின் குழு ஒன்றில் எழுதிப் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பத்து நாள் பதிலே இல்லை. பிறகு வேறு நாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது, முதல் வரியில் அதே விமானம், அதே பெட்டி தன்னிடமும் இருப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது வரியில், தன் பெட்டியிலும் இரண்டு வலதுதான், எங்களுக்கு இடது ஏதாவது கிடைத்தால் தனக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். இடது இறக்கையை நானே வார்ப்பது.

பல்லுக்குச் செய்வது போலத்தான். வலது இறக்கையைக் கண்ணாடியில் காட்டி, கண்ணாடிக்குள் தெரிவதைப் பார்த்து மெழுகில் செதுக்கினேன். வேலை முடிந்து லேப்பில் தங்கி, தினம் ஒரு மணி நேரம். எங்களிடம் இருக்கும் வார்ப்புப் பெட்டி ஒரு வாய்க்குத்தான் அளவு. இறக்கை ஒரு சாணுக்கு மேல் நீளம். ஆகவே மூன்று துண்டாக வெட்டினேன். பிளாஸ்டரில் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிக்குள் அக்ரிலிக் மாவை அடைத்து வேகவைத்தேன். முதல் தடவை அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டிவிட்டேன். தடித்த இடமெல்லாம் உள்ளே பொங்கிப்போய் இட்லி மாதிரி ஓட்டை. மூன்று துண்டையும் குப்பையில் போட்டேன். இரண்டாம் தடவை மெதுவாக வேகவைத்தேன். இரண்டு துண்டு நன்றாக வந்தது, மூன்றாவது பிளாஸ்டரை உடைக்கும்போது அதுவும் சேர்ந்து உடைந்தது. அந்த ஒன்றை மறுபடி செதுக்க ஒரு வாரம். லேப் முதலாளி எட்டிப் பார்த்து, இது எந்த நோயாளிக்கு என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வந்தது. ஈறு நிறத்தில், நல்ல இளஞ்சிவப்பாக, ஒரு இடது இறக்கை. துண்டுகளைச் சேர்த்து மெருகேற்றி, வலதோடு ஒப்பிட்டு அளந்தேன். என் வேலையிலேயே அவ்வளவு சுத்தமாக இன்னொன்று செய்திருப்பேனா என்று சந்தேகம். வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கே" என்றார்.

நான் எதிர்பார்த்தது அந்த வார்த்தை இல்லை. மறுநாளே இறக்கையை ஒட்டினேன். சக்கரக் கால் செருகுவதற்கு அடியில் துளையும் போட்டேன்.

பிறகு, வண்ணத்துக்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒட்டுப்படங்கள், இறக்கையில் ஒட்டுகிற நட்சத்திரங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முதல் நட்சத்திரத்தைத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது பதினைந்து இருபது துண்டாகப் பிரிந்து கிண்ணம் முழுக்க மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மீதியைத் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை. மழை. பஸ் தாமதம். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், மேசைமேல் விமானம் மூன்று சக்கரத்தோடு நிற்கிறது. நிற்கிறது என்று சொல்ல முடியாது. இடது பக்கம் சாய்ந்து, பின்பக்கம் மேசையில் பட, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, நாய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கால் வில்லாக வளைந்திருந்தது. வலது காலைச் சுற்றிப் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாத வேலை. அந்த இறக்கை. ஈரத்துணியைக்கூட மாற்றாமல் கத்தினேன்.

"கை நடுங்குதுன்னு தெரியும்ல. ஏங்க தொட்டீங்க? எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டீங்க."

சொன்ன நிமிஷமே அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கையைப் பற்றி அதுவரை இரண்டு பேரும் அந்த மாதிரி பேசினதே இல்லை. அவர் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆலையில் பழுதை விளக்குகிறவர் போல, நிதானமாகப் பேசினார்.

"காலு நேராத்தான் வச்சேன். ஒட்டுறதுக்கே மத்தியானம் பூரா ஆச்சு, ஆனா நேராத்தான் வச்சேன். நீ செஞ்ச றெக்கை கட்டி. அந்தப் பக்கத்து றெக்கை உள்ள வெறும் காத்து. இவ்ளோ கனத்தை அந்தக் காலு தாங்காது, வளையும். மூக்குல வெயிட் இல்ல, அதான் பின்னால குந்துது. அன்னிக்கே சொன்னேன்."

விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். இடது பக்கமாகக் கவிழ்ந்தது. காலின் மேல் முனை, இறக்கையில் சேரும் இடத்தில், செங்குத்தாக இருந்தது. கீழேதான் வளைவு. அவர் சொன்னது சரி. பார்க்கத் தெரிந்த யாருக்கும் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

"நான் குடுத்தது ஒட்டுறதுக்குத்தான்," என்றார். "நீ எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. மூணு மாசமா தாளைப் படிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். இதுக்கு அந்தப் பந்தையே பெசஞ்சிருக்கலாம்."

அப்போதுதான் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அழுகை அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. இத்தனை நாளும், என் தலையில் கட்டிவிட்டாரே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். தன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாளே என்று அவர் பொருமிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி.

மன்னிப்பெல்லாம் நாங்கள் கேட்டுப் பழகினவர்கள் இல்லை. இரண்டு வாரம் விமானம் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, இனி எப்படிச் சரி செய்வது என்று அவரிடம் கேட்டேன். உடனே பதில் சொன்னார், யோசித்து வைத்திருந்திருக்கிறார். இறக்கையை அடியிலிருந்து குடைந்து கனத்தைக் குறைக்க வேண்டும், அது என் வேலை. மூக்குக்குள் கனம் ஏற்ற வேண்டும், அது அவர் வேலை. முன் சக்கரத்துக்கு மேலே ஒரு துளை போட்டால் போதும்.

விமானத்தோடு லேப்புக்குக் கொண்டுபோய், தேய்க்கிற மெஷினில் இறக்கையைக் குடைந்தேன். வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தது இளஞ்சிவப்புத் தூளாகப் பறந்து முகக்கவசத்தில் படிந்தது. காகிதம் மாதிரி ஆகும்வரை குடைந்தேன். ஒரு இடத்தில் ஓட்டையும் விழுந்தது. அடைத்தேன்.

மூக்கு வேலைக்கு அவர் ஒரு ஞாயிறு முழுவதும் எடுத்துக்கொண்டார். ஹுத்தான் மெலிந்தாங் நாட்களில் ஆற்றோரம் மீன் பிடித்த தூண்டில் ஈயங்கள் ஒரு டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றாகத் துளைக்குள் தள்ள வேண்டும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். ஒன்று உள்ளே போனால் இரண்டு மேசையில் உருளும். மருந்து சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குக் கை கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். நான் எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். கீழே விழுந்த ஈயத்தை எடுத்துக் கொடுக்கக்கூட வேண்டாம் என்றார். எனக்கு அந்த ஆறு ஈயத்தையும் உள்ளே போட மூன்று நிமிஷம் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

சாயங்காலம் போல மூக்கு மெதுவாக இறங்கியது. முன் சக்கரம் மேசையைத் தொட்டது. வால் மேலே போனது. அவர் நாற்காலியில் சாய்ந்து, "சரி, தண்ணி குடு" என்றார்.

பிறகு வண்ணம். பூசினது முழுக்க அவர்தான். பெரிய தூரிகை, தடித்த பச்சை. கோடு கோடாக, சில இடத்தில் சொட்டுச் சொட்டாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகளிலும் ஏறியிருக்கிறது. நட்சத்திரம் கிடையாது. இடது கால் இன்னும் வளைவாகத்தான் இருக்கிறது. வெந்நீரில் ஒரு நிமிஷம் காட்டினால் நிமிர்ந்துவிடும், காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நிக்குதுல்ல என்றார்.

இப்போது விமானத்தின் துப்பாக்கிகள் மட்டும் மீதி இருக்கின்றன. ஊசி மாதிரி மெல்லிசு. பத்தில் நாலு ஒட்டியிருக்கிறார். போன மாதம் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், காலை வேளை மட்டும் கை ஓரளவு சொன்னதைக் கேட்கிறது. சில நாள் ஒன்று ஒட்டுவார், சில நாள் ஒட்டினதே பிய்ந்து வரும், பெட்டியை மூடிவிட்டு வாசலில் போய் நிற்பார். வேலைக்குக் கிளம்பும்போது மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் எதுவோ ஒன்று கோணலாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறேன்.